புகையிலை வளர்த்த குடியேற்ற நாடு

இலண்டன் வணிகர் ஒன்றுகூடி அமைத்த வேர்ஜீனியாக் கம்பனிக்கு 1606ஆம் ஆண்டில் முதலாம் ஜேம்ஸ் மன்னன் பட்டயம் வழங்கினான். மறு ஆண்டு மே மாதத்தில், மூன்று கப்பல்களில் வந்த நூற்றுச் சொச்சம் ஆடவரும் சிறுவரும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஆற்றோரச் சதுப்பு நிலமொன்றில் இறங்கி, மன்னன் பெயரால் அவ்விடத்துக்கு ஜேம்ஸ்ரவுண் எனப் பெயரிட்டனர். அவர்கள் தேடி வந்தது பொன். கிடைத்தவையோ உவர்நீரும் காய்ச்சலும் பசியுமே. அந்நிலம் ஆளற்ற நிலமுமன்று. பௌகற்றன் என்னும் பெருந்தலைவனின் ஆணைக்குட்பட்ட ஏறக்குறைய முப்பது குலங்கள் அங்கே சோளம் பயிரிட்டு வாழ்ந்துவந்தன. அம்மக்களின் சோளம் கிடைத்த நாள்களில் வந்தேறிகள் உண்டனர். பகை மூண்டு சோளம் நின்றபோது மாண்டனர். 1609ஆம் ஆண்டிறுதியில் தொடங்கிய குளிர்காலம் கழிந்தபோது, கோட்டைக்குள் இருந்த சில நூற்றுவருள் அறுபது பேரளவிலேயே எஞ்சியிருந்தனர். அவர்களும் 1610 யூன் மாதத்தில் குடியேற்றத்தைக் கைவிட்டுக் கப்பலேறினர். ஆற்றைக் கடக்குமுன்னரே, புதிய தேசாதிபதியாகிய டெலவெயர் பிரபு உணவோடும் ஆட்களோடும் எதிர்ப்பட்டு அவர்களைத் திருப்பி அழைத்துச் சென்றார்.

இத்தகைய குடியேற்றத்துக்கு உயிர் கொடுத்தது ஓர் இலை. அந்நாட்டுப் புகையிலை காரமானது. ஐரோப்பியர் அதனை விரும்பவில்லை. ஜோன் றொல்ப் என்பவர் 1612ஆம் ஆண்டளவில் மேற்கிந்தியப் பகுதியின் மென்மையான இனத்து விதையைத் தருவித்துப் பயிரிட்டுப் பார்த்தார். பயிர் செழித்தது. 1617இல் இங்கிலாந்துக்குச் சென்ற புகையிலை ஏறக்குறைய 20,000 இறாத்தல். பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர் அது பதினைந்து இலட்சம் இறாத்தலை எட்டியது. ஜேம்ஸ்ரவுணின் சந்தை வெளியிலும் தெருக்களிலுங்கூடப் புகையிலை நட்டனர். உண்பதற்குச் சோளம் விதையாதவன் புகையிலை பயிரிடலாகாது என ஆட்சியாளர் விதி செய்யவேண்டியதாயிற்று. புகைத்தலைக் கண்டித்து 1604இல் நூலொன்றே எழுதியவன் ஜேம்ஸ் மன்னன். ஆயினும் அதன்மீது விதித்த தீர்வையை அவனது திறைசேரி மறுக்கவில்லை!

புகையிலை எத்துணை உழைப்பை வேண்டும் பயிர் என்பது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நன்கறிந்த செய்தி. அவர்தம் தோட்டத்துச் செடியும் அமெரிக்கக் கண்டம் தந்ததே. நாற்று நடுதல், புழு எடுத்தல், குருத்துக் கிள்ளுதல், இலை வெட்டிப் பதப்படுத்தல் என ஆண்டின் பெரும்பகுதி அதிலேயே கழியும். வேர்ஜீனியாவில் நிலத்துக்குக் குறைவில்லை, கைகளுக்கே பஞ்சம். எனவே, தன் செலவில் ஓராளைக் கடல் கடந்து கொணர்பவனுக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம் என 1618இல் கம்பனி அறிவித்தது. இங்கிலாந்தின் வறியவர், கப்பற் கூலிக்கு ஈடாக நான்கு முதல் ஏழு ஆண்டுவரை உழைப்பதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து வந்தனர். தவணை முடியுமுன்னே மண்ணானோர் பலர்.

குடியேறிகளை நிலைநிறுத்த நிலம் மட்டும் போதாது, ஆட்சியிலும் பங்கு வேண்டும் எனக் கம்பனி கருதியது. 1619 யூலை 30ஆம் நாள், தேசாதிபதி ஜோர்ஜ் யேட்லியின் அழைப்பின்பேரில் பதினொரு குடியிருப்புகள் தெரிந்தனுப்பிய பிரதிநிதிகள் ஜேம்ஸ்ரவுண் தேவாலயத்தில் கூடினர். ஆங்கில அமெரிக்காவில் மக்கள் தெரிந்த முதலாவது சட்டசபை இதுவே. கொடிய வெயிலால் உறுப்பினர் ஒருவர் இறந்துபட, ஆறாம் நாள் சபை கலைந்தது. அதற்குள் அது புகையிலைக்கு விலை வகுத்தது. சபையலுவலரின் ஊதியத்துக்கென ஆள் ஒருவருக்கு ஓர் இறாத்தல் புகையிலை வரியும் விதித்தது.

சபை கலைந்து ஒரு மாதமும் ஆகவில்லை. ஓகஸ்ட் இறுதியில் ‘வைற் லயன்’ என்னும் ஆங்கிலக் கொள்ளைக் கப்பல் ஆற்றுமுகத்தை அடைந்தது. போர்த்துக்கேய அடிமைக் கப்பலொன்றிலிருந்து பறித்த அங்கோலா நாட்டவர் இருபதின்மருக்குச் சற்று மேற்பட்டோர் அதிலிருந்தனர். உணவுப் பொருளுக்கு அவர்கள் கைமாற்றப்பட்டனர். சட்டசபை கூடியதும் அடிமைகள் வந்திறங்கியதும் ஒரே கோடையில். இரண்டையும் வேண்டியது ஒரே புகையிலை.

அடிமைமுறை ஒருநாளில் சட்டமாகவில்லை. அன்ரனி ஜோன்சன் என்ற ஆபிரிக்கர் விடுதலை பெற்று, 1651இல் 250 ஏக்கர் நிலத்துக்கு உரிமை பெற்றார். ஆனால் 1640இலேயே, சேர்ந்து தப்பியோடிய மூன்று ஊழியருள் ஐரோப்பியர் இருவருக்குச் சில ஆண்டு மேலதிக ஊழியமும், ஜோன் பஞ்ச் என்னும் கறுப்பருக்கு ஆயுள் முழுதும் ஊழியமும் தீர்ப்பாயின. தாய் அடிமையெனின் பிள்ளையும் அடிமை என 1662இல் அதே சட்டசபை விதித்தது. தந்தையின் வழியே உரிமையைக் கணித்த ஆங்கில வழக்கத்தை இது தலைகீழாக்கியது. எசமானின் மகனும் எசமானின் உடைமையானான். 1676இல் பேக்கன் என்பவரின் தலைமையில் ஏழை வெள்ளையரும் அடிமைகளும் ஆயுதமேந்தி ஜேம்ஸ்ரவுணை எரித்தனர். அதன்பின், தவணை முடிந்து நிலங்கேட்கும் வெள்ளை ஊழியரினும், எந்நாளும் விடுதலை பெறாத அடிமையே பெருநிலக்காரருக்கு ஏற்றவராயினர். 1705ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அக்கட்டினை முற்றாக இறுக்கியது.

மண்ணைச் சில ஆண்டுகளில் வறிதாக்கும் பயிர் புகையிலை. புதுநிலம் தேடி ஆங்கிலேயர் உட்புகப் பழங்குடியினர் பின்தள்ளப்பட்டனர். 1622இல் அவர்கள் திடீரெனத் தாக்கி 347 குடியேறிகளைக் கொன்றனர். பழிவாங்கும் போர் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. கம்பனி நொடிந்தது, 1624இல் வேர்ஜீனியா முடியின் நேர் ஆட்சிக்குட்பட்டது. தேசாதிபதியை மன்னன் நியமித்தான்; எனினும் வரி விதிக்கும் உரிமையைச் சட்டசபை விடாது பற்றிக்கொண்டது. பெரிய நகரங்கள் அங்கே எழவில்லை. ஆறுகள் ஆழமானவை, கப்பல்கள் தோட்டத்துறைக்கே வந்து புகையிலையை ஏற்றிச்சென்றன. பணத்துக்குப் பதிலாகவும் புகையிலையே வழங்கிற்று. 1696ஆம் ஆண்டுச் சட்டப்படி குருவானவரின் ஆண்டுச் சம்பளம் 16,000 இறாத்தல் புகையிலை. 1660ஆம் ஆண்டுக் கப்பற்போக்குவரத்துச் சட்டம், ஆங்கில ஆட்சிப் பரப்புக்கு வெளியே அதனை நேரே விற்பதைத் தடுத்தது. விலையை இலண்டன் வணிகன் சொன்னான். துணியும் தளபாடமும் அவனே கடனுக்கு அனுப்பினான். நூறு அடிமைகளை உடையவனும் கடனாளியாக வாழ்ந்தான்.

அக்கடனாளிகளின் சபையே 1765இல், தம் சம்மதமின்றிப் பிரித்தானியப் பாராளுமன்றம் விதித்த முத்திரை வரியை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்நாளில் வேர்ஜீனியாவின் மக்களுள் ஐவரில் இருவர் அடிமைகள். 1776 யூனில் மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்தபோது, எல்லா மனிதரும் இயல்பிலேயே சமசுதந்திரமுடையோர் என ஜோர்ஜ் மேசன் எழுதினார். அப்படியாயின் அடிமைகள் யார் என்ற வினா அவையில் எழுந்தது. நெடுநேர விவாதத்தின்பின், சமுதாயத்தினுள் சேர்ந்தோருக்கே அவ்வுரிமை எனப் பொருள்படும் சிறு தொடரொன்றை இடையிற் சேர்த்தனர். யூன் 12ஆம் நாள் பிரகடனம் நிறைவேறியது.