லீனா ரோமாய்: இசைக்குழு மேடையிலிருந்து வெள்ளித்திரைக்கு

ஒரு நாட்டில் பிறந்து, அந்நாட்டு மொழியைத் தம்மொழியாகப் பேசி, அந்நாட்டு மேடையிலேயே அயல்நாட்டு அழகியாக நிறுத்தப்பட்ட கலைஞர்களின் வரலாறு தனியே ஆராயத்தக்கது. அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் லீனா ரோமாய். எலெனா மரியா ரோமாய் என்னும் இயற்பெயர் கொண்ட இவர், 1919ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். தந்தையார் மெக்சிகோ நாட்டுத் தூதரகப் பணியில் இருந்தவர். ஆங்கிலமும் ஸ்பானியமும் இவருக்கு வீட்டிலேயே வாய்த்த செல்வங்களாயின.

காலமும் களமும்

1930களின் பொருளாதார வீழ்ச்சியின்போது, மெக்சிக வழியினர் பெருந்தொகையினராக அமெரிக்காவிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்களும் பலர் இருந்தனர். அதே காலத்தில்தான், 1933இல், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் இலத்தீன் அமெரிக்க நாடுகளுடன் நல்லண்டைக் கொள்கையை அறிவித்தார். போர்மேகம் சூழ்ந்தபோது அந்நாடுகளின் நட்பு மேலும் தேவைப்பட்டது. 1940இல் நெல்சன் ராக்பெல்லர் தலைமையில் தனி அலுவலகமே அமைந்தது. ஹாலிவுட்டும் இம்முயற்சியில் இணைந்தது. மக்களை வெளியேற்றிய நாடு, அவர்தம் இசையை வரவேற்கலாயிற்று.

மற்றொரு காரணமும் உண்டு. 1941ஆம் ஆண்டின் பெரும்பகுதியில், ஆஸ்காப் என்னும் பாடல் உரிமையாளர் சங்கத்துக்கும் வானொலி நிறுவனங்களுக்கும் உரிமைத்தொகை குறித்துப் பூசல் நிகழ்ந்தது. அச்சங்கத்தின் பாடல்கள் ஒலிபரப்பிலிருந்து விலகியமையால் ஏற்பட்ட இடைவெளியை நிரப்ப, இலத்தீன் அமெரிக்கப் பாடல்கள் பெரிதும் உதவின. ஸ்பெயினின் கத்தலோனியப் பகுதியில் பிறந்து கியூபாவில் வளர்ந்த சேவியர் குகாட்டின் இசைக்குழு, இக்காலத்தில்தான் புகழின் உச்சியை எட்டியது. நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் நிலைகொண்டிருந்த அக்குழுவில் லீனா ரோமாய் பாடகியானார்.

குரலைக் காத்த படச்சுருள்

பெருங்குழு இசையில் பாடகியின் இடம் சிறிது. ஆடுவோர்க்கான தாளமும் கருவிகளின் முழக்கமுமே அங்கு முதன்மை பெற்றன. பாடகி தம் முறை வரும்வரை காத்திருந்து, சில அடிகளைப் பாடி அமர்வதே வழக்கம். அச்சிறு பொழுதுக்குள் அவையைத் தம்வயப்படுத்த வேண்டும். லீனா அதில் வல்லவராய் விளங்கினார்.

ஆயின் ஓர் இடையூறு நேர்ந்தது. 1942 ஆகஸ்டு முதல் நாள், அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு மறுப்புப் போராட்டத்தைத் தொடங்கியது. குகாட் குழுவின் தட்டுகளை வெளியிட்டுவந்த கொலம்பியா நிறுவனம் 1944 நவம்பரில்தான் உடன்பட்டது. லீனாவின் புகழ் வளர்ந்த ஆண்டுகளும் புதிய ஒலிப்பதிவுகள் நின்ற ஆண்டுகளும் ஒன்றாயின. எனவே அவர் கலையை அறியத் திரைப்படங்களே சிறந்த சான்றுகளாக நிற்கின்றன. ‘யூ வேர் நெவர் லவ்லியர்’ (1942), ‘ஸ்டேஜ் டோர் கேண்டீன்’ (1943), ‘பேதிங் பியூட்டி’ (1944) ஆகியன அவற்றுள் சில. இப்படங்களில் அவருக்குக் கதை இல்லை, பாடல் மட்டுமே உண்டு.

‘ஸ்டேஜ் டோர் கேண்டீன்’ படத்தில் அவர் பாடுவது ஒரு புரூக்ளின் அழகியைப் பற்றிய பாடல். தம் பிறந்த ஊரைப் பாடும் உரிமை அவருக்கு இருந்தது. எனினும் அவையோர் அவரை இலத்தீன் மங்கையாகவே கண்டனர். அப்படம் வெளிவந்தது 1943 ஜூன் திங்களில். அதே திங்களின் தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் கடற்படையினரும் போர்வீரரும் மெக்சிக அமெரிக்க இளைஞர்களைத் தாக்கி, அவர்கள் அணிந்திருந்த அகன்ற உடைகளைக் கிழித்தெறிந்தனர். திரையில் போற்றப்பட்ட இனம் தெருவில் அடிபட்டது. இவ்விரண்டையும் சேர்த்துக் காணாமல் லீனாவின் புகழை அளவிட இயலாது.

பெயர்கள் கூறும் செய்தி

1940களின் நடுவில் அவர் குழுவைவிட்டுத் தனித்து நடிக்கலானார். கிளார்க் கேபிள் போரிலிருந்து மீண்டு நடித்த ‘அட்வென்ச்சர்’ (1945) படத்தில் அவர் மரியா. ‘லவ் லாஃப்ஸ் அட் ஆண்டி ஹார்டி’ (1946) படத்தில் இசபெல் கொன்சாலஸ். ‘ஹனிமூன்’ (1947) படத்தில் ராக்கெல் மென்டோசா. புரூக்ளினில் பிறந்தவருக்குப் புரூக்ளின் பெண்ணாக நடிக்கும் வாய்ப்பை இப்பாத்திரங்கள் தரவில்லை. 1949இல் டெக்ஸ் ஏவரி உருவாக்கிய ‘சென்யோர் ட்ரூப்பி’ கேலிச்சித்திரத்தில், காளையை வென்ற நாய்க்குக் கிடைக்கும் பரிசுபோல் அவர் நேரில் தோன்றுகிறார். நகைச்சுவைக்காக எழுதப்பட்ட அக்காட்சியிலும் திரையுலகம் அவருக்கு வகுத்த இடம் புலனாகின்றது.

பெருங்குழுக்களின் காலம் 1940களின் இறுதியில் தளர்ந்தது. ‘தி மேன் பிஹைண்ட் தி கன்’ (1953) படத்தோடு அவருடைய திரைவாழ்வும் நிறைவெய்தியது எனலாம். 1980களில், ஹாலிவுட் பார்க் குதிரைப்பந்தயத் திடலின் ஸ்பானிய வானொலி அறிவிப்பாளராக அவர் பணியாற்றினார். பொருளறியாத அவையோர்க்கு இனிய ஓசையாக மட்டும் ஒலித்த அவரது ஸ்பானியம், இங்கே அம்மொழியினர்க்கு நாள்தோறும் பயன்படும் பேச்சாயிற்று. 2010 டிசம்பரில், தம் 91ஆம் அகவையில், அவர் மறைந்தார்.

லீனா ரோமாயின் பாடற்காட்சிகள் ஒவ்வொன்றும் சில நிமிடங்களே நீள்வன. கதைக்கு வெளியே நின்ற காரணத்தால் அவை கதையோடு மறக்கப்படவில்லை. கதைமாந்தராக அவர் ஏற்ற பெயர்களை இன்று நினைப்பவர் சிலரே. தம் பெயரில், தம் குரலில் அவர் பாடியவையே எஞ்சி நிற்கின்றன.