மதராஸ் சுவரும் மணலின் கணக்கும்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் வியாபாரத்தின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். மிஞ்சிப்போனால் சென்னை பெரியமேட்டு மண்டி வரைக்கும் வருவார்கள். ஆவாரம் பட்டையில் பதனிட்ட அந்தத் தோல் கடல் தாண்டி எப்படிப் போனது என்று கேட்டால், கதைக்குள் ஒரு துறைமுகம் வரும். அதோடு, அந்தத் துறைமுகத்துக்கு வடக்கே கரைந்துபோன ஒரு கடற்கரையும் வரும்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் பாதை ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி மேற்கே நீண்டது. உள்நாட்டுச் சரக்கு கடற்கரைக்கு வந்து சேர வழி பிறந்தது. ஆனால் மதராஸில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகுகள் அலையைக் கடந்து சரக்கைக் கொண்டுபோகும். நனைந்ததும் போனதும் வியாபாரியின் நஷ்டம். 1861ல் ஒரு இரும்புப் பாலத்தைக் கடலுக்குள் நீட்டினார்கள். அது போதவில்லை.

1875ல் வேல்ஸ் இளவரசர் புதிய துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். பொறியாளர் வில்லியம் பார்க்ஸின் திட்டப்படி, கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள், கிழக்கே திறந்த வாசல். 1881 நவம்பர் புயல் கட்டியதில் பெரும்பகுதியை உடைத்துப்போட்டது. திரும்பக் கட்டி முடிக்க 1890களின் நடுப்பகுதி ஆயிற்று.

புயலுக்குச் சுவரைத் திரும்பக் கட்டலாம். மணலை என்ன செய்வது? சோழமண்டலக் கரையில் மணல் நடக்கும். அலை கரையில் நேராக மோதாமல் சாய்வாக மோதுகிறது. மணலைச் சாய்வாக ஏற்றி, நேராக இறக்குகிறது. ஒவ்வொரு அலைக்கும் ஒரு சின்ன அடி. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நடை வடக்கே; வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் மீனவர்கள் பிரித்துச் சொல்வார்கள். வேலூர், ஆம்பூர் வழியாக ஓடும் பாலாறு சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, மதராஸுக்கும் தெற்கேதான் கடலில் சேர்கிறது. அதன் வெள்ளம் கொட்டிய மணலும் இந்த நடையில் சேர்ந்ததுதான். ஆக, எங்கள் பக்கத்திலிருந்து தோல் ரயிலில் போனது. மணல் ஆற்றில் இறங்கிக் கடலோரமாகப் போனது. இரண்டும் போய் நின்றது அந்தச் சுவரிடம்.

சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884ல் உலாப்பாதை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். பின்னால் அந்தக் கரை இவ்வளவு அகலமானதற்குத் துறைமுகம்தான் காரணம். வடக்கே மணல் வரத்து நின்றது, அலை நிற்கவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் பக்கம் வரை கரை அரித்தது. வீடும் தெருவும் போயின. மெரினாவும் ராயபுரமும் ஒரே பேரேட்டின் வரவும் செலவும்.

இது தெரியாமல் நடந்ததா? இல்லை. 1904ல் துறைமுகப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங், மணல் நகர்வை அளந்து ஆராய்ந்து எழுதியவர். ராமானுஜன் 1912ல் குமாஸ்தாவாகச் சேர்ந்தது இவருடைய அலுவலகத்தில்தான், அதுவும் கணக்குப் பிரிவில். கிழக்கு வாசலை மூடி வடகிழக்கில் புது வாசல் திறந்தது ஸ்பிரிங் காலத்து வேலை. துறைமுகம் பிழைத்தது. ஆனால் அளவெடுப்பு எழுப்பிய கேள்வி, வாசல் ஆழமாக இருக்குமா என்பதுதான். வடக்கே கரை போனால் யார் ஈடு செய்வது என்ற கேள்விக்கு அந்தப் பேரேட்டில் பத்தி இல்லை. அளவு தப்பவில்லை; அளவு யாருக்காக என்பதில்தான் கோளாறு.

அளக்கும் கருவிகள் மாறிவிட்டன. அன்று கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார்கள். குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் தடவினால், அடியில் மணலா சேறா என்று ஒட்டிக்கொண்டு வரும். இன்று படகிலிருந்து ஒலியை விசிறிபோல அனுப்பிக் கடலடியைப் படமாக எடுக்கிறார்கள். நீரோட்டத்தை அளக்க இன்னொரு கருவி. நீரோடு மிதந்து போகும் துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் எவ்வளவு மாறியது என்று பார்த்து, ஒவ்வொரு ஆழத்திலும் வேகத்தையும் திசையையும் சொல்லிவிடும். கரைக்கோட்டைச் செயற்கைக்கோள் பார்க்கிறது. 1990 முதல் 2016 வரையிலான படங்களை வைத்து தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் பார்த்தபோது, இந்தியக் கரையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருந்தது.

ஆனாலும் அளவு மட்டும் கரையைக் காப்பாற்றாது. புதுச்சேரியைப் பாருங்கள். 1980களின் கடைசியில் அங்கே துறைமுகச் சுவர் எழுந்தது. தெற்கே குவியும் மணலை வடக்கே எடுத்துக் கொட்டும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை. நகரத்தின் கடற்கரை காணாமல் போனது. 2018ல் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு வைத்த பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்பியது. மதராஸில் நடந்து நூறு வருஷம் கழித்து, காரணமும் மருந்தும் தெரிந்திருந்தும், இது நடந்தது.

இப்போது எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் துறைமுக விரிவாக்கம் பற்றிப் பேச்சு நடக்கிறது. அதற்கும் வடக்கே பழவேற்காடு: ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒல்லியான மணல்திட்டு, அதன்மேல் மீனவர் ஊர்கள். அவர்கள் பயப்படுவது கற்பனைக்கு அல்ல, ராயபுரத்துக்கு. கட்டுவதற்கு முன்பே இரண்டு பருவக்காற்றுக் காலத்துக்கும் அளவு எடுத்திருக்க வேண்டும். வாசலில் மட்டுமல்ல, வடக்கே பல கிலோமீட்டருக்கு எடுத்திருக்க வேண்டும். அந்த எண்கள் அந்த ஊர் மக்கள் கைக்கும் போக வேண்டும். தடுத்த மணலைக் கடத்திவிடும் செலவு, கப்பல் கட்டணத்தைப் போலத் துறைமுகத்தின் கணக்கிலேயே ஏற வேண்டும்.

தோல் ஷூக்கள் பெட்டி பெட்டியாகக் கப்பல் ஏறும் ஊர்ப்பக்கம் இருந்து இதைச் சொல்லும்போது, அந்தச் செலவில் ஒரு பங்கு எங்கள் சரக்கின் விலையிலும் ஏறும் என்று தெரிந்தே சொல்கிறேன். இதுவரை அதை ராயபுரத்துக்காரர்கள் கட்டியிருக்கிறார்கள்.