மஆதியின் ஞாயிற்றுப் பொறி: நீர்ப்பாசனத் தொழில்நுட்பமும் ஏகாதிபத்தியப் பொருளியலும்

தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் ஒரு கருவியின் தோல்விக்கான காரணத்தைப் பெரும்பாலும் அக்கருவிக்குள்ளேயே தேடுவர். சூரிய வெப்பத்தால் நீர் இறைக்கும் பொறி முதலாம் உலக யுத்தத்துக்கு முன்னரே இயங்கியும் பின்னர் நெடுங்காலம் மறக்கப்பட்டமைக்கு அதன் செயற்றிறன் போதாமையே காரணம் எனும் கூற்றும் இத்தகையதே. எகிப்தின் மஆதி நிலையத்தை நுணுகி நோக்குமிடத்து இக்கூற்று நிலைபெறாது என்பது எமது கருத்து.

1882இல் எகிப்தை ஆக்கிரமித்த பிரித்தானியர், அதன் விளைநிலங்களை லங்காஷயர் ஆலைகளுக்கான பருத்திக் களமாக்கும் போக்கினைத் தீவிரப்படுத்தினர். 1902இல் நிறைவுற்ற அஸ்வான் அணை ஆண்டு முழுவதும் பாசனம் நிகழ வழிவகுத்தது. ஆயின், நீரை வயலுக்கு உயர்த்த வேண்டுமே! எகிப்திய உழவனிடம் இருந்தது ஷாதூப்; எமது துலாவின் உடன்பிறப்பு என்றே அதனைக் கூறலாம். நீராவிப் பொறிக்கோ நிலக்கரி தேவை. எகிப்தில் அது இல்லை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும்.

பிலடெல்பியாவைச் சேர்ந்த பிராங்க் ஷூமனுக்கு வாய்ப்பளித்தது இந்நிலக்கரியின் விலையே. கம்பி பதித்த பாதுகாப்புக் கண்ணாடியை ஆக்கிப் பெயர் பெற்றவர் அவர். பிரித்தானிய முதலீட்டாளரின் பணத்தைக் கொண்டு கெய்ரோவுக்குத் தெற்கே, நைல் நதியோரம் மஆதியில் நிலையத்தை அமைத்தார். பௌதிகவியலாளர் சீ. வீ. பொய்ஸின் ஆலோசனைப்படி பரவளைவு வடிவிலான ஐந்து ஆடித் தொட்டிகள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் 204 அடி நீளமும் 13 அடி அகலமும் கொண்டது. ஞாயிற்றின் போக்கிற்கேற்பத் திரும்ப வல்லது. குவியத்தில் அமைந்த கொதிகலனில் எழுந்த ஆவி, தாழமுக்கப் பொறியொன்றை இயக்கிற்று. முதற் சோதனையில் நாகத்தாலான கொதிகலன்கள் வெப்பந் தாளாது தொய்ந்துபோயின. வார்ப்பிரும்புக் கொதிகலன்கள் அவற்றினிடத்தைப் பெற்றன. 1913இல் அப்பொறி ஏறத்தாழ 55 பரிவலுவுடன் நிமிடத்துக்கு 6,000 கலன் நீரை இறைத்தது. பொறியியற் சிக்கல், அதாவது, தீர்க்கப்பட்டுவிட்டது.

இதனைக் கண்டு மகிழ்ந்தவர் யார்? எகிப்தில் பிரித்தானிய ஆட்சியின் பிரதிநிதியாயிருந்த கிச்சனர் பிரபு, சூடானில் 30,000 ஏக்கர் பருத்தித் தோட்டம் தர முன்வந்தார். ஜேர்மன் நாடாளுமன்றம் தனது தென்மேற்கு ஆபிரிக்கக் குடியேற்றத்துக்கென 200,000 மார்க் ஒதுக்கிற்று. ஷூமனின் பொறியை உழவனின் விடுதலைக் கருவியாகப் போற்றுவோர் இவ்விரு கொடையாளரையும் மறந்துவிடுகின்றனர். துலாவடியில் நின்ற மனிதனின் தோள்வலி அவர்களது கணக்கில் ஒருபோதும் இடம்பெறவில்லை.

1914இல் யுத்தம் மூண்டது. பொறியியலாளர் கலைந்தனர், நிலையம் கைவிடப்பட்டது, ஷூமன் 1918இல் காலமானார். இவற்றினும் முக்கியமானது, அதே 1914இல் பிரித்தானிய அரசு ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பனியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியமையாகும். எண்ணெய்க் கிணற்றுக்கு வேலியிடலாம், வெயிலுக்கு இயலாது. மூலதனம் தேர்ந்துகொண்ட வழி இதுவே.

1954இல் பெல் ஆய்வுகூடம் வெளியிட்ட சிலிக்கன் கலம், வெயிலின் ஏறத்தாழ 6 வீதத்தையே மின்னாக்கியது. இன்றைய தகடுகள் 20 வீதத்தையும் கடந்துவிட்டன. எனினும், எரிபொருட் செலவற்ற இறைப்பு புதியதொரு முரண்பாட்டையும் பிறப்பித்துள்ளது: தகட்டை நிறுவியபின் மேலதிகமாக இறைக்கும் நீருக்குச் செலவில்லையாதலால், நிலத்தடி நீரை அளவோடு எடுக்கும் தூண்டுதல் உழவனுக்கு அற்றுப்போகின்றது. குஜராத்தின் துண்டிக் கிராமத்து உழவர் சிலர் 2016இல் கூட்டுறவாக இணைந்து, தமது தேவைக்கு மிஞ்சிய சூரிய மின்சாரத்தை மின்விநியோக நிறுவனத்துக்கு விற்கத் தொடங்கினர். இறைக்காது விட்ட நீரின் பயன் அவர்களுக்குப் பணமாக வந்தது. அங்கு தகடுகளின் உரிமையும் உழவரிடமே இருந்தது.