வீட்டுச் சுவருக்கு வந்த அன்றாட வாழ்க்கை

மகன் தலையில் பேன் பார்க்கும் தாய், சமையலறையில் பால் ஊற்றும் பணிப்பெண், மதுக்கடையில் ஆட்டம் போடும் குடியானவர் என்று நாள்தோறும் கண்ணில் படுவதையே வரைந்து விற்பது 17ஆம் நூற்றாண்டு ஹாலந்தில் ஒரு முழுத் தொழிலாக இருந்தது. அதற்கு முன் ஐரோப்பிய ஓவியத்தில் எளிய மக்கள் பெரும்பாலும் வேதாகமக் கதைகளின் ஓரத்தில்தான் நின்றார்கள். 1565இல் பீட்டர் புரூகல் கோதுமை அறுவடையை வரைந்தபோது, களைத்துப்போய் மரத்தடியில் காலைப் பரப்பி உறங்கும் ஆளுக்கும் அதில் இடம் கொடுத்தார்.

இந்தக் கலையை வளர்த்தவர்கள் வாங்கியவர்களே. 1566இல், உருவ வழிபாட்டை எதிர்த்த கால்வினியர் என்னும் கிறித்தவப் பிரிவினர், தேவாலயங்களில் இருந்த உருவங்களை உடைத்தார்கள். பிறகு அங்கே பீட ஓவியம் கேட்க ஆளில்லை. கடல் வாணிகத்தில் கையில் காசு சேர்ந்த நகரத்தார் வீட்டுக்குச் சிறு படங்கள் வாங்கினார்கள். டெல்ஃப்ட் நகரில் ஓவியர் வெர்மேரின் படத்தை ஒரு ரொட்டிக்கடைக்காரரிடம் பார்த்ததாக 1663இல் பிரெஞ்சுப் பயணி ஒருவர் எழுதிவைத்தார். 1675இல் வெர்மேர் இறந்ததும், 600 கில்டருக்கு மேல் நின்ற ரொட்டிப் பாக்கிக்காக அவர் மனைவி இரண்டு ஓவியங்களைக் கடைக்காரரிடம் கொடுக்க நேர்ந்தது.

பார்த்ததைப் பார்த்தபடி வரைந்ததுபோல் தோன்றினாலும், இத்தகைய படங்கள் ஓவியக்கூடத்தில் யோசித்துக் கட்டிய காட்சிகள். ஓவியர் டெர் போர்க் வரைந்த, பேன் பார்க்கும் தாயின் கையிலுள்ள பேன்சீப்பு, மனத்தின் அழுக்கையும் சீவி எடுக்கும்படி அன்றைய நீதிப் புத்தகங்கள் காட்டிய சின்னம். வெர்மேரின் பால் ஊற்றும் பெண் சுமார் 1658இல் வரையப்பட்டது. படத்தின் உயரம் அரை மீட்டர்கூட இல்லை. வெள்ளைச் சுவரில் ஓர் ஆணி, பழைய ஆணிகள் பிடுங்கிய ஓட்டைகள் எல்லாம் அதில் உண்டு. கோணம் பிடிக்க நூல் கட்டிய ஊசியின் தடம் அவள் வலக்கைக்கு மேலே இருக்கிறது. தலைக்குப் பின்னால் குடுவைகள் மாட்டும் பலகை ஒன்றை முதலில் வரைந்து, பிறகு வெள்ளை பூசி மறைத்ததை 2022இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அவளையும் பாலையும் தவிர வேறெதிலும் கண் போகாததற்கு அந்த வெறுஞ்சுவரே காரணம்.

இத்தனை நுணுக்கம் இருந்தும் பிரெஞ்சு ஓவிய அகாதெமி இவ்வகைப் படங்களைக் கீழ்வரிசையில் வைத்தது. புராண, வரலாற்றுப் படங்களுக்கே முதலிடம். அந்த வரிசையை உடைத்தவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கூர்பே. 1849இல் அவர் சாலைக்குக் கல் உடைக்கும் இருவரை இரண்டரை மீட்டர் அகலத்தில் வரைந்தார். அரசர்க்கும் புனிதர்க்கும் ஒதுக்கிய அந்த அளவு கூலியாட்களுக்குப் போனதைப் பாரிஸ் விமர்சகர் பலரால் பொறுக்க முடியவில்லை.