சவானா நதியின் இக்கரையும் அக்கரையும்

அமெரிக்கத் தென்மாநிலங்களுள் ஒன்றாகிய தென் கரோலினாவில், சவானா நதியின் கரையில், ஜார்ஜியாவைச் சேர்ந்த அகஸ்டா நகரத்துக்கு எதிரே, 1906-இல் நகராட்சியாக அமைந்த நார்த் அகஸ்டா என்னும் புறநகர் இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் வேறு மாநிலம், வேறு சட்டம். அக்கரையில் விவாகரத்து உண்டு. இக்கரையிலோ, இடையில் ஒரு சில ஆண்டுகள் தவிர, 1949 வரை, கணவன் அடித்தாலும் கைவிட்டாலும், ஒரு பெண்ணுக்கு அந்த விடுதலை கிடையாது.

உள்நாட்டுப் போருக்குப் பின், விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் அமர்ந்து இயற்றிய 1868-ஆம் ஆண்டு அரசியல் சாசனம் விவாகரத்துக்கு இடமளித்தது. 1872-இல் அதற்கான சட்டமும் பிறந்தது. பழைய பிரபுக்கள் மீண்டும் அதிகாரத்தைக் கைப்பற்றியதும், 1878-இல் அதை ரத்துச் செய்தார்கள். செனட்டர் பெஞ்சமின் டில்மனின் ஆதிக்கத்தில் 1895-இல் கூடிய மகாசபை, கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்த அதே சாசனத்தில், விவாகரத்தே கூடாதென்ற விதியையும் பொறித்தது. விவாகத்தின் புனிதத்தைக் காப்பதே நோக்கமென்றார்கள். ஆனால் மனைவியுள்ள ஆடவன் தன் ஆசைநாயகிக்குச் சொத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கலாகாது என்று வரம்பு கட்டிய சட்டமும் 1795 முதல் அந்த மாநிலத்தில் இருந்து வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, காப்பாற்றப்பட்டது கணவனின் சௌகரியமே என்ற முடிவுக்கு நான் வர வேண்டியிருக்கிறது.

அந்தச் சௌகரியம் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு டில்மனின் குடும்பமே சாட்சி. அவருடைய மகன், மனைவி லூசியுடன் மனஸ்தாபம் முற்றியபோது, தங்கள் இரண்டு பெண் குழந்தைகளையும் ஒரு பத்திரத்தின் மூலம் தன் பெற்றோருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். தாயின் சம்மதம் தேவைப்படவில்லை. தகப்பன் குழந்தைகளை நிலம்போலப் பத்திரத்தில் வழங்கலாமென்று பழைய சட்டம் ஒன்று இருந்தது. லூசி அஞ்சி ஒதுங்கவில்லை. மாநிலத்தின் மிகுந்த செல்வாக்குள்ள அந்தக் குடும்பத்தை எதிர்த்து மாநில உச்ச நீதிமன்றத்தில் வழக்காடி, 1910-இல் தம் குழந்தைகளைத் திரும்பப் பெற்றார். அந்தத் தாயின் தைரியத்துக்கு அம்மாநிலத்தின் சரித்திரத்தில் இன்னும் பெரிய இடம் தரப்பட வேண்டும்.

வசதியுள்ளோர் வேறு மாநிலத்தில் குடியிருந்து விவாகரத்துப் பெற்று வந்தனர். ஏழைகள் சட்டமின்றியே பிரிந்தனர். அக்காலத்து அமெரிக்கக் குடிக்கணக்கில், பிரிந்த பெண்கள் பலர் தம்மை விதவையரென்றே எழுத வைத்தனர் என்று ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். கௌரவத்துக்காகச் சொல்லப்பட்ட அந்தப் பொய்யைப் பேணும் பாரமும் அவர்களையே சேர்ந்தது.

1948-இல் மக்கள் வாக்களித்துத் தடையை நீக்க, மறு ஆண்டில் பிறமனை நாடுதல், கைவிடுதல், உடற்கொடுமை, தீராக் குடி என்னும் நான்கு காரணங்களுக்கு விவாகரத்து அனுமதிக்கப்பட்டது. சட்டம் மாறிய மறு ஆண்டே, 1950 நவம்பரில், அணு ஆயுதப் பொருள் தயாரிக்கும் பிரம்மாண்டமான ஆலை நார்த் அகஸ்டா வட்டாரத்தில் அமையுமென்று அரசாங்கம் அறிவித்தது. எலென்டன் முதலிய ஊர்களிலிருந்து சுமார் 6,000 பேர் அகற்றப்பட்டனர். நார்த் அகஸ்டாவிலும் எய்க்கனிலும் வரிசை வரிசையாகப் புது வீடுகள் எழுந்தன. வேலையைப் பற்றி வீட்டிலும் வாய் திறக்கக் கூடாதென்ற கட்டுப்பாடுள்ள தொழிலாளர் குடியேறிய அவ்வூர்களில், குடும்ப விஷயங்களை மறைக்கும் பழைய வழக்கத்தோடு உத்தியோக ரகசியமும் சேர்ந்துகொண்டது.

அத்தகைய ஊரில் விவாகரத்தான தாய் ஒருத்தி புதிதாக வாழத் தொடங்க, தீர்ப்பு நகல் மட்டும் போதவில்லை. அவளுடைய சம்பளத்தை வங்கிகள் முழு வருமானமாகக் கருதவில்லை. கடனுக்கு ஓர் ஆண்மகனின் கையெழுத்தைக் கேட்டன. பெண் என்பதற்காகவோ விவாகரத்தானவள் என்பதற்காகவோ கடன் மறுக்கலாகாது என்ற கூட்டரசுச் சட்டம் 1974-இல்தான் வந்தது. குழந்தைகள் உண்டென்று வீடு மறுப்பதைத் தடுக்க 1988 ஆயிற்று.

பிரிந்து வாழ்வதையே காரணமாக ஏற்கும் விதி 1969-இல் மூன்றாண்டுக் கெடுவுடன் வந்து, 1979-இல் ஓராண்டாகக் குறைந்தது. இன்றும் குற்றம் நிரூபிக்க விரும்பாத தென் கரோலினா மனைவி, கணவனுடன் ஒரே கூரையின்கீழ் இல்லாமல் முழுதாக ஓராண்டு கழித்தாக வேண்டும்; இரண்டாவது வீட்டு வாடகைக்கு வழியில்லாத தாய்க்கு அந்த ஓராண்டு தொடங்குவதே இல்லை.