சிவப்பு வெளிச்சத்தின் பின்னால் ஒரு ரொறன்ரோப் பையன்

சிவப்பு வெளிச்ச மாஸ்க் போட்ட முகங்கள் உங்கள் ஃபோனில் அடிக்கடி வந்து போகும். பரு போகும், தோல் பளபளக்கும் என்பார்கள். அந்த வெளிச்சத்தின் கதையில் எங்கள் நகரத்துக்கும் பங்கு உண்டு.

ஆர்தர் ஷாவ்லோவின் அப்பா ரீகா நகரிலிருந்து புலம்பெயர்ந்தவர். அம்மா கனடியர். 1924இல், மூன்று வயதில், ஷாவ்லோ ரொறன்ரோவுக்கு வந்தார். அவருக்கு ரேடியோ பொறியியல் படிக்கத்தான் ஆசை. ஆனால் அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். பொறியியலுக்குப் புலமைப்பரிசில் இல்லாததால், கிடைத்த புலமைப்பரிசிலோடு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தார். பொறியியல் படித்த எனக்கு இதை வாசிக்கும்போது சிரிப்பு வரும்: இரண்டாவது விருப்பம்தான் அவருக்கு 1981இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது!

1958இல் அவரும் சார்ல்ஸ் டவுன்ஸும் லேசர் எப்படி இயங்கலாம் என்று எழுதினார்கள். 1960இல் தியடோர் மைமன் முதல் லேசரைச் செய்து காட்டினார். அதன் நிறம் சிவப்பு.

ஷாவ்லோ மேடையில் ஒரு வேடிக்கை காட்டுவார். நிறமில்லாத பலூனுக்குள்ளே நீல நிற மிக்கி மவுஸ் பலூன். சிவப்பு லேசரை அடித்தால் வெளிப் பலூனுக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே இருப்பது மட்டும் வெடிக்கும். உங்கள் கண்ணும் அப்படித்தான். முன்பக்கம் கண்ணாடி மாதிரி, வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும். அதை உறிஞ்சுவது பின்னால் இருக்கும் விழித்திரை.

1967இல் புடாபெஸ்ட்டில் எண்ட்ரே மெஸ்டர், லேசர் புற்றுநோய் தருமா என்று எலிகளில் சோதித்தார். புற்றுநோய் வரவில்லை, மழித்த முடி வேகமாக வளர்ந்தது. இன்றைய மாஸ்க்குகளின் தொடக்கம் அங்கேதான்.

மாஸ்க்கில் இருப்பது பெரும்பாலும் எல்ஈடி. லேசர் போல ஒரே புள்ளியில் குவியாது. அதற்காக அலட்சியம் வேண்டாம். 2019இல் நியூட்ரோஜினா தன் வெளிச்ச மாஸ்க்கைத் திரும்பப் பெற்றது; சில கண் நோய்கள் உள்ளவர்களுக்கும், வெளிச்சத்துக்குக் கண்ணைக் கூச வைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் ஆபத்து வரலாம் என்பதுதான் காரணம். கிட்டப்பார்வைக்காகச் சிவப்பு லேசர்க் கருவியை ஐந்து மாதம் பாவித்த 12 வயதுச் சிறுமியின் விழித்திரை பாதிக்கப்பட்டதை 2023இல் சீன மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

வீட்டில் பாவிப்பதென்றால்:

கண்ணை மூடினால் போதாது; இமை வழியாகவும் சிவப்பு வெளிச்சம் உள்ளே போகும். உங்கள் கருவியின் அலைநீளத்துக்கென்றே செய்த பாதுகாப்புக் கண்ணாடியைப் போடுங்கள். வெயில் கண்ணாடி அதற்குச் சரிவராது.

810 முதல் 850 நானோமீற்றர் வரையான அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, அதனால் கண் தானாகச் சிமிட்டாது. "வெளிச்சம் குறைவாகத்தானே இருக்கிறது" என்று உற்றுப் பார்க்க வேண்டாம்.

சொன்ன நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். பரு மருந்து எடுக்கிறீர்கள் என்றால் முதலில் மருந்தாளரிடம் கேளுங்கள். பார்வையில் புள்ளியோ மங்கலோ தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள்.

பரு இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும். விழித்திரை அப்படி இல்லை.