கச்சான் காற்றும் காட்டுத் தீயும்

கச்சான் என்றவுடன் நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருவது, காகிதச் சுருளில் வைத்து விற்கப்படும் வறுத்த நிலக்கடலையேயாகும். ஆனால், கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையுள்ள கரையோரத்தில் வாழும் ஒரு முதிய வேளாண்மைக்காரரிடமோ கடற்றொழிலாளரிடமோ இச்சொல்லைக் கூறிப் பாருங்கள். அவர் உடனே மேற்குத் திசையை நோக்குவார். அவருக்குக் கச்சான் என்பது ஒரு காற்று. வைகாசி மாதத்திற்குப் பின்னர் மலைநாட்டிலிருந்து இறங்கி வந்து, வயலையும் வாடியையும் வறட்டி, சிறு பொறியையும் பெருந்தீயாக்க வல்ல வெங்காற்று. அக்காற்றின் வரலாற்றையும், அதனோடு இணைந்த நெருப்பின் வரலாற்றையுமே இன்று சற்று ஆராய விரும்புகின்றேன்.

பழந்தமிழர் காற்றுக்கு வெறுமனே திசைப் பெயர் சூட்டி அமைந்தாரல்லர். வடக்கிலிருந்து வருவதை வாடை என்றனர். தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இவற்றுள் கோடை என்னும் பெயர் காற்றையும் குறித்தது, வெப்பக் காலத்தையும் குறித்தது. மேல்காற்று வீசும் காலமே வெயிற் காலம் என்ற அனுபவம் அந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ளது. தமிழ் வழங்கும் நிலங்களுள் இவ்வனுபவம் மிகப் பொருத்தமாக அமைந்த இடங்களுள் ஒன்று நமது கிழக்கிலங்கைக் கரையாகும். இங்கே கோடைக்குக் கச்சான் என்று பெயர் மாறிற்று, குணம் மாறவில்லை.

இந்நிலத்தின் அமைப்பை மனக்கண்ணிற் கொண்டு வாருங்கள். கிழக்கே கடல். கடலை ஒட்டிய ஒடுங்கிய மணற்பாங்கில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழரும் வாழும் ஊர்கள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கின்றன. ஊர்களுக்கு மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல் வட்டைகள். அவற்றினிடையே சம்மாந்துறை, இறக்காமம் முதலிய ஊர்கள். அதற்கும் அப்பால் புதர்க்காடும் புல்வெளியும். அதற்கும் மேலே நாட்டின் நடுவில் மலைகள்.

யூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்து ஈரத்தைச் சுமந்துகொண்டு நாட்டின் மேற்குப் புறத்தில் ஏறுகின்றது. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் வட்டவளை போன்ற இடங்களில் தன் நீரைக் கொட்டிவிடுகின்றது. ஈரமான காற்று மேலேறும்போது ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ ஆறு பாகை செல்சியஸ் அளவே குளிர்கின்றது. ஆனால் நீரை இழந்து உலர்ந்த அதே காற்று மலையின் கிழக்குப் புறத்தில் இறங்கும்போது, ஆயிரம் மீட்டருக்குப் பத்துப் பாகை வீதம் சூடேறுகின்றது. ஏறும்போது இழந்தது சிறிது. இறங்கும்போது பெற்றது பெரிது. இந்த வேறுபாடே கச்சானின் வெம்மைக்குக் காரணம். அது வலுத்து வீசும் நாளில் கடற்காற்றைக் கரையேறவிடாது தடுத்து நிற்கும். அன்று பகல் வெப்பம் 35 பாகையைக் கடந்து 37, 38 வரையும் ஏறுவதுண்டு. அனைத்துலக வானிலைச் சொற்றொகுதியிலே கச்சான் என்ற பெயர் அவ்வாறே ஏறியிருக்கிறது என்பது நாம் பெருமையுடன் நினைவு கூரத்தக்க செய்தியாகும்.

ஆண்டு மழையைக் கணக்கிட்டால் மட்டக்களப்புக் கரை வறண்ட நிலமன்று. ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர் மழை பெறும் நிலம். ஆயினும் அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் கடைசி தொடங்கித் தை மாதம் முடிவதற்குள் பெய்து தீர்ந்துவிடும். யூன் மாதத்துச் சராசரி மழை 50 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. மாரியில் மண்டி வளர்ந்த புல்லே கோடையில் விறகாகின்றது. மாரி எவ்வளவு நன்றாகப் பெய்ததோ அவ்வளவுக்கு எரிபொருளும் மிகுதி. வெள்ளத்தையும் தீயையும் ஒரே மழை விதைக்கின்றது என்றால் அது மிகையாகாது.

இனி நெருப்பின் கதைக்கு வருவோம். நமது ஊர்ப்பெயர்களே அதற்கு முதற்சான்று. அட்டாளைச்சேனை என்ற பெயரைப் பிரித்துப் பாருங்கள். அட்டாளை என்பது காவலுக்காகக் கட்டிய உயர்ந்த பரண். சேனை என்பது காட்டை வெட்டி எரித்துச் செய்யும் பயிர்நிலம். வடக்கே வாழைச்சேனையும் இவ்வாறே பெயர் பெற்றது. இன்று மாடி வீடுகளும் கடைத்தெருக்களும் நிறைந்த இவ்வூர்ப் பெயர்கள், ஒரு காலத்தில் நெருப்பும் கோடரியும் கொண்டு மனிதர் காட்டிடமிருந்து நிலம் பெற்றதை இன்னும் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

சேனைக்காரன் நெருப்பைக் கண்மூடித்தனமாகக் கையாண்டவனல்லன். யூன், யூலையில் காட்டை வெட்டுவான், வெயிலிற் காயவிடுவான், ஓகஸ்டு, செப்டெம்பரில் எரிப்பான், ஒக்டோபரின் முதன்மழைக்கு முன்னர் சாம்பல் நிலத்தை விதைப்புக்கு ஆயத்தமாக வைத்திருப்பான். எரிப்பதற்கு முன் வெட்டிய நிலத்தைச் சுற்றிலும் சருகு கூட்டித் துப்புரவாக்கிய ஓர் ஒழுங்கை விடுவது வழக்கம். தீ அந்த வெறுமையைத் தாண்டாது. காற்று ஓயும் வேளை பார்த்தே தீ வைக்க வேண்டும் என்பது முன்னோர் விதித்த கட்டளை. ஒழுங்கை விட மறந்தவனும் காற்றைப் பார்க்க மறந்தவனும் தன் சேனையோடு அயலான் காட்டையும் எரித்தான்.

ஆங்கிலேயர் ஆட்சி இந்நெருப்பைப் பகையாகவே நோக்கியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நிலச் சட்டம், உரிமைச் சான்று இல்லாத காடுகளையும் தரிசுகளையும் அரசுடைமையாகக் கொண்டது. பின்னர் 1885இலும் 1907இலும் வந்த வனச் சட்டங்கள், ஒதுக்கக் காடுகளில் தீ வைப்பதைக் குற்றமாக்கின. காட்டைக் காப்பது நல்ல நோக்கமே. ஆயினும், மலைநாட்டில் கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் பெருங்காடுகளை வெட்டி எரிக்க இடங்கொடுத்த அதே ஆட்சி, ஓர் ஏழையின் ஓர் ஏக்கர் சேனையைக் காட்டழிவு என்று கண்டித்தமை வரலாற்றின் முரண்களுள் ஒன்றன்றோ?

சேனையைவிட விரிவாக எரிந்தவை புல்வெளிகள். மட்டக்களப்புக்குத் தென்மேற்கே, இடையிடையே மரங்கள் நிற்கும் பரந்த புல்நிலத்தை, 19ஆம் நூற்றாண்டில் இங்கு வேட்டையாட வந்த சாமுவேல் பேக்கர் முதலிய ஆங்கிலேயர் தம் நாட்டுப் பூங்காக்களை நினைந்து ‘பூங்கா நாடு’ என்று அழைத்தனர். ஆளுயரம் வளர்ந்த மாணாப் புல்லைக் கோடையில் எரித்துவிட்டால், சில நாளில் பசும்புல் தளிர்க்கும். மாட்டுப் பட்டிக்காரருக்கு அது தீவனம். வேட்டைக்காரனுக்கோ அங்கு மேய வரும் மான் இலக்கு. ஆண்டுதோறும் மனிதன் வைத்த இத்தீயில் எந்த மரம் பிழைக்கும்? தடித்த பட்டையுடைய மரமே பிழைக்கும். அவ்வாறு பிழைத்து நிற்பவற்றுள் நெல்லி, கடுக்காய், தான்றி என்னும் மூன்றும் சிறப்பானவை. நம் வைத்தியர்கள் திரிபலா என்று சேர்த்து இடிக்கும் முக்காய்களும், தீயின் சோதனையில் தேறிய மரங்களின் காய்களாய் இருத்தல் வியப்புக்குரியது. ஆயினும் முதுமரம் பிழைக்குமேயன்றி நாற்று பிழைக்காது. இடைவிடாது எரியும் நிலத்தில் தாய்மரத்தோடு அதன் வழித்தோன்றலும் முடிந்துவிடும். இப்புல்வெளிகள் இயற்கையாகவே அமைந்தவையா, தலைமுறை தலைமுறையாக எரித்ததனால் ஆனவையா என்பது பற்றி ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

நெருப்புக்கு எதிர்மொழி நீர். 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டத்தின் பின்னர், தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. ஏறத்தாழ நூறாண்டு சென்றபின், 1949இல், பட்டிப்பளை ஆறு என்று தமிழர் வழங்கிய கல்லோயாவை இங்கினியாகலையில் மறிக்கும் பெருவேலை தொடங்கிற்று. 1950களின் முற்பகுதியில் சேனாநாயக்க சமுத்திரம் எழுந்தது. பல்லாயிரம் ஏக்கர் காடு வெட்டப்பட்டு வயலாயிற்று. நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காடு 1954இல் தேசிய வனமாக ஒதுக்கப்பட்டது. 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதி அம்பாறை மாவட்டமாகப் பிரிந்தது. கச்சான் வீசும் நாளிலும் வாய்க்காலில் நீர் ஓடும் என்ற நம்பிக்கை சிறுபோகத்துக்கு உறுதி தந்தது.

ஆனால் அந்த உறுதியும் நிபந்தனைக்குட்பட்டதே. 1981ஆம் ஆண்டுச் சிறுபோகத்தின் தொடக்கத்தில் நீர்த்தேக்கத்தில் கால்பங்கு நீரே இருந்தது. அவ்வேளை இடதுகரை வாய்க்காலின் தலைப்பகுதியில் இருந்த சிங்கள விவசாயிகள் பலர், தமது பங்கைச் சிக்கனப்படுத்திக் கடைப்பகுதியில் இருந்த தமிழ் விவசாயிகளுக்கும் நீர் செல்லவிட்டனர். அப்பொழுதுதான் அமைந்துகொண்டிருந்த விவசாயிகள் குழுக்களின் கூட்டு முயற்சியே இதற்கு வழிவகுத்தது. நாட்டில் இனப்பகை மூண்டுகொண்டிருந்த காலத்தில் நிகழ்ந்த இச்செயலை, கோடையின் வரலாற்றில் நாம் மறத்தலாகாது.

சிறுபோக அறுவடை ஓகஸ்டு, செப்டெம்பரில் வருகின்றது. கச்சானின் ஆட்சி முற்றும் ஓயாத காலம் அது. வெட்டிய கதிரைக் களத்திற் குவித்து வைக்கும் குவியலைக் கிழக்கிலங்கையில் ‘சூடு’ என்பர். உலர்ந்த சூட்டின் அருகே ஒரு சுருட்டுத் துண்டு விழுந்தால், போடியாரின் செல்வமும் வயற்காரனின் ஆண்டு உழைப்பும் ஒரு நாழிகையிற் சாம்பலாகும். ஊருக்குள்ளும் அச்சம் குறைவில்லை. கிடுகு வேய்ந்த வீடுகள் நெருங்கி நின்ற காலத்தில், ஓர் அடுப்பின் பொறி ஒரு தெருவையே கொண்டுபோகக் கூடியதாயிருந்தது. ஓடும் தகரமும் சீமெந்தும் வந்தபின் தீயின் அச்சம் தணிந்தது. ஆனால் கிடுகு தந்த குளிர்ச்சியும் அதனுடன் போயிற்று. இன்று கச்சான் நாளில் தகரக் கூரையின் கீழ் இருப்பவர் வெளியே நிற்பவரைவிட அதிகம் வேகின்றார்.

இவ்வெம்மையை மக்கள் உள்ளத்தாலும் எதிர்கொண்டனர். வைகாசியில், கச்சான் தொடங்கும் வேளையில், காரைதீவு முதலிய ஊர்களின் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு நிகழ்கின்றது. மதுரையை எரித்தவளின் சினம் தணியட்டும், நாடு குளிரட்டும் என்பதே அதன் வேண்டுதல். மழை பொய்த்த ஆண்டுகளில் முஸ்லிம் ஊர்களில் ஆண்களும் சிறுவரும் திடலிலே கூடி, இறைவனிடம் மழை கேட்டு இரண்டு றக்கஅத்துத் தொழுவர். வழிபாட்டு முறை வேறு. வானத்தை நோக்கும் கண் ஒன்றே.

வெளியுலகிலும் மலையிறங்கும் காற்றின் கொடுமையை அறிந்தோர் பலர். சுவிற்சர்லாந்தில் கிளாறுஸ் என்னும் நகரின் பெரும்பகுதி, 1861 மே மாதத்து இரவொன்றில் அத்தகைய காற்றின் கீழ் எரிந்தழிந்தது. அந்நாட்டு மலையூர்களில், அக்காற்று வீசும் இரவுகளில் காவலர் தெருத்தெருவாகச் சென்று அடுப்புகளை அணைக்கச் செய்யும் வழக்கம் இருந்தது. 2023 ஓகஸ்டில் ஹவாய்த் தீவுகளின் லஹைனா நகர் எரிந்து ஏறத்தாழ நூறு உயிர்கள் மடிந்தபோதும், மலைச்சரிவில் இறங்கிய கடுங்காற்றே தீயை விரட்டியது. நம் நாட்டில் அத்தகைய பேரழிவு நேரவில்லை. ஆயினும் ஊவா மலைச்சரிவுகளில் யூலை முதல் செப்டெம்பர் வரை புல்லும் காடும் எரிவதை ஆண்டுதோறும் கேள்விப்படுகின்றோம். நமக்கு மின்னல் பெரும்பாலும் மழையோடு வருவது. ஆதலால் கோடைத் தீயை வானம் வைப்பதில்லை. ஏறக்குறைய எல்லாத் தீயும் மனிதன் கையால் வைக்கப்படுவதே.

இதில் ஓர் ஆறுதல் உண்டு. மனிதன் வைக்கும் தீயை மனிதன் வையாதிருக்கவும் கூடும். 2016, 2017ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சி போன்றவை மீண்டும் வரலாம். உலகம் வெப்பமேறிவரும் இக்காலத்தில் வருதற்கே இடம் அதிகம். வானிலைத் திணைக்களம் இப்பொழுது வெப்ப எச்சரிக்கைகளை வெளியிடுகின்றது. ஆனால் கொழும்பிலிருந்து வரும் எச்சரிக்கை மாவட்டத்துக்குப் பொதுவானது. நம் வட்டையில் இன்று காற்று எப்பக்கம் திரும்பியது என்பதை நாமே அறிதல் வேண்டும்.

மேற்கு மலை நீலமாக மிக அருகில் தெரிந்தால், கடற்காற்று வரவேண்டிய பிற்பகலில் வராதிருந்தால், வைக்கோல் கையிற் பிடித்தவுடன் நொறுங்கினால், அன்று கச்சான் நாள் என்று முதியோர் கூறுவர். அந்நாளில் குப்பைக்குத் தீயிடாதிருத்தல், வரம்புப் புல்லை எரியாதிருத்தல், கூலியாட்களை நண்பகல் வெயிலில் நிறுத்தாதிருத்தல் ஆகிய மூன்றும் பணச் செலவில்லாத பாதுகாப்புகள். நம் பாடசாலை மாணவர் ஒரு மழைமானியும் ஒரு வெப்பமானியும் ஒரு குறிப்பேடும் கொண்டு நாள்தோறும் பதிந்து வருவாராயின், இருபது ஆண்டில் அவ்வூருக்கே உரிய வானிலை வரலாறு ஒன்று உருவாகிவிடும்.

பெயர் மறந்த பொருளைப் பற்றி எச்சரிக்கையாயிருத்தல் அரிது. காற்றுக்குப் பெயரிட்டவர்கள் அதனோடு வாழவும் கற்றிருந்தார்கள். எனவே நேயர்களே, இம்முறை கோடை வரும்போது வீட்டிலுள்ள சிறுவரை முற்றத்துக்கு அழைத்துச் சென்று, மேற்கே முகங்காட்டி நிறுத்தி, முகத்திற் படும் அவ்வெம்மைக்குப் பெயர் என்னவென்று கேளுங்கள். கடலை என்று அவர்கள் சிரிப்பார்களாயின், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.